'போறேன்' சொல்லாதவர்கள்

ஈரோடு பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்த 'நாய்க்குட்டியைக் காணவில்லை' நோட்டீஸைப் பார்த்து நான் கைதட்டிச் சிரித்தபோது, பக்கத்தில் நின்ற அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அவர் மேல் தப்பில்லை. படத்திலிருந்த நாய்க்குட்டிக்கு ஆறு கால்கள் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

படமெடுத்து எங்கள் புதிர்க் குழுவில் போட்டேன். ஆம்பூரில் செல்போன் உறை விற்கும் நசீரிடமிருந்து மறுநிமிஷமே பதில் வந்தது. "அக்கா! ஆறு கால்! ஆறேகால்! மணி ஆறேகாலுக்கு அந்த நம்பருக்கு அடிங்க!" அன்று மாலை ஆறேகாலுக்கு அடித்தேன். நித்திலாதான் எடுத்தாள்.

நித்திலா யாரென்று சொல்லிவிடுகிறேன். அவள் ஆளே இல்லை. நிஜத்துக்குள் ஒளித்துவைத்த ஒரு விளையாட்டின் நாயகி. எங்கோ ஒரு தீவில், கலங்கரை விளக்கத்தின் உச்சி அறையில் பூட்டப்பட்டிருக்கிறாள். யார் பூட்டினார்கள், கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. அவளை விடுவிப்பதற்கான துப்புகள் தினசரியின் வரி விளம்பரத்தில் வரும், மளிகை பில்லின் பின்பக்கம் வரும், ராங் நம்பராகவும் வரும். உலகெங்கும் இருக்கும் தமிழர்கள் பல ஆயிரம் பேர் கூடி மண்டையை உடைத்து அவிழ்ப்போம். அவளை எழுதுவதும் ஆளில்லை, ஒரு இயந்திர மூளை. 'மனிதக் கை படாத கதை, கடைசி முடிச்சு அவிழும்வரை விளக்கு அணையாது' என்று அந்த வெளிநாட்டுக் கம்பெனி விளம்பரம் செய்தது. சந்தா கட்டியவர்களுக்கு எழுத்திலும் கொடுத்தது.

நான் கிருஷ்ணவேணி. வேணி என்றால் போதும். வீட்டிலிருந்தபடியே ஒரு மிக்ஸி கம்பெனிக்குப் போனில் புகார் கேட்கும் வேலை. வாடிக்கையாளர் "மிக்ஸி..." என்று இழுப்பதற்குள் "சத்தம் போடுதுங்களா?" என்று நான் முடித்துவைப்பேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். துப்புத் துலக்குவதற்கென்றே செய்த வாய் என்று எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இரண்டு வருஷமாகத் தேடுகிறோம். அந்தக் கதவுக்கு அப்பால் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் கொஞ்சம் மிகை. ருசிக்கவில்லை என்றால் உண்மை.

போன ஆவணியில் எனக்கு ஒரு போன் வந்தது. கம்பெனியின் சென்னை அலுவலகத்துப் பொறியாளர், டேனியல் என்று பெயர். நாகர்கோவில்காரர்.

"மேடம், உங்க குழுவுக்கு நீங்கதான் தலைவின்னு கேள்விப்பட்டேன். ஒரு உதவி வேணும். இந்த விளையாட்டு இருபது மொழியில ஓடிச்சு. பத்தொன்பதுல முடிஞ்சு ஆறு மாசமாச்சு. தமிழ் மட்டும் முடியவே மாட்டேங்குது."

"ஏனுங் தம்பி, நாங்க மக்குங்களா?"

"ஐயோ, இல்ல மேடம். எல்லாப் புதிரையும் எப்பவோ அவுத்துட்டீங்க. இப்ப வர்றதெல்லாம் அது சும்மா நேரங்கடத்தப் போடுற துப்பு. அந்த ஆறு கால் நாய் உள்பட."

எனக்குச் சுருக்கென்றது. "எதுக்குங் நேரங்கடத்தணும்?"

"காத்துக்கிட்டு இருக்கு. அதுக்கு ஒரு விதி வச்சிருக்கோம். கதைக்குள்ள யார் என்ன வாக்குக் கொடுத்தாலும், அது நிறைவேறாம கதையை முடிக்கக் கூடாது. தொங்கல்ல எதையும் விடக் கூடாதுன்னு. மத்த மொழிக்காரங்க பை சொல்லிட்டுப் போயிடுறாங்க. நீங்கல்லாம் நித்திலாகிட்ட பேசி முடிச்சதும் என்ன சொல்றீங்க?"

"போயிட்டு வர்றேன்னு சொல்லுவோம்."

"அதேதான். அதை அது வாக்குன்னு எடுத்துக்குது. மறுநாள் நீங்க வர்றீங்க, வாக்கு கழியுது. போகும்போது மறுபடி 'போயிட்டு வர்றேன்'. இன்னொண்ணு. இப்படியே போனா இது எங்க மேடம் முடியும்?"

"நீங்களே உள்ள கைய வுட்டு அழிச்சுப் போடுங்."

"மனிதக் கை படாதுன்னு எழுதிக் கொடுத்துட்டோமே! தொட்டா பத்தொன்பது மொழிக்காரனும் சந்தாவத் திருப்பிக் கேப்பான். எல்லாரும் ஒருதடவை உள்ள வந்து, தெளிவா 'போறேன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, கணக்கு சைபருக்கு வந்துரும். கதவு தொறக்கும். கதையும் முடியும்."

பல ஆயிரம் தமிழர்களிடம் போய், 'போறேன்' என்று சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும்.

அன்றிரவு குழுவில் விஷயத்தைப் போட்டேன். கொந்தளித்துவிட்டார்கள். "விளக்கு வைத்த நேரத்தில் இப்படி ஒரு வார்த்தையைக் குழுவில் எழுதலாமா?" என்று மாயவரத்திலிருந்து ஒருவர் என்னைக் கண்டித்தார். 'கிளம்புறேன்' என்றால் ஆகாதா என்று சிலர் முயன்றார்கள். நித்திலா, "எங்கே கிளம்புறீங்க? எப்போ வருவீங்க?" என்று கேட்டாள். 'பாப்போம்' என்றவர்களுக்கு இன்னொரு வாக்கு ஏறிக்கொண்டது. 'உத்தரவு வாங்கிக்கறேன்' என்றவருக்கு அவள் உத்தரவு கொடுக்க மறுத்துவிட்டாள்.

ஆனால் கதவுக்குப் பின்னால் என்ன என்கிற அரிப்பு பொல்லாதது. ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ஒருவர் புரட்டாசி பிறக்கட்டும் என்றார். ஒருவர் இடது கையால் தட்டச்சினால் பலிக்காது என்று கண்டுபிடித்து, அது பெரிய நிம்மதியாகப் பரவியது. நசீர் தைரியசாலிதான். அவன்கூட, "எங்க வூட்லயும் சொல்ல மாட்டாங்கோக்கா, அம்மா கேட்டா தொலைச்சுடுவாங்கோ" என்று கடையைச் சாத்திவிட்டு ரயில்வே கேட்டருகே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். நான் பகுத்தறிவுள்ளவள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் எதற்கு வம்பு என்று, வாசல் கேட்டைத் தாண்டித் தெருவில் நின்று அந்த வார்த்தையை அடித்தேன். அடித்த கையோடு என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "நல்லா இருக்கீங்கல்ல?" என்று கேட்டேன். "ஏன், என்ன ஒடச்சே?" என்றார்.

திரையின் மூலையில் இருந்த நிலுவை வாக்குகளின் எண் கரைந்து கரைந்து வந்தது. ஆயிரங்கள் நூறாகி, பத்தாகி, கடைசியில் ஒன்றில் வந்து நின்றுவிட்டது. அந்த ஒருவர் வரவே இல்லை.

டேனியல் பார்த்துச் சொன்ன கணக்குப் பெயர்: போலாம்ரைட்.

அவரை எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் குழுவின் சூரர்களில் ஒருவர். பேசுவதை எழுத்தாக்கும் வசதியில்தான் செய்தி போடுவார். ஒருமுறை புதிர் ஒன்றின் நடுவே அவரிடமிருந்து 'சில்லறையா குடுங்க உள்ள ஏறி வாங்க' என்று ஒரு வரி வந்தது. ஆஹா, துப்பு என்று பாய்ந்தோம். சில்லறை என்றால் சில அறை. கலங்கரை விளக்கத்துக்குள் நாம் அறியாத சில அறைகள் உள்ளன, உள்ளே ஏறி வர வேண்டும்! மூன்று வாரம் நாங்கள் அந்த அறைகளின் வரைபடத்தைப் போட்டோம். நசீர் மாடிப்படிகூட வரைந்தான். போலாம்ரைட் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் போனவர், வரவேயில்லை.

அந்தப் பெயருக்கும் நான் பாஷ்யம் எழுதியிருக்கிறேன். ரைட் என்றால் வலது, எனவே வலப்பக்கம் போகலாம் என்று. ஒரு சனிக்கிழமை பெருந்துறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பின்னாலிருந்து கண்டக்டர் விசிலைக் கொடுத்துவிட்டு, "போலாம் ரைட்!" என்று கத்தினார். நான் தலையில் அடித்துக்கொண்ட சத்தத்தில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆள் கண்டக்டர். பிறகு எல்லாம் சுலபம். பழைய செய்திகளில் 'வத்தலக்குண்டு எல்லாம் இறங்கு' என்று வேறு ஒன்று இருந்தது. அதை நாங்கள் 'வற்றாத குன்று' என்று திருத்திப் படித்து வைத்திருந்தோம். நசீர் ஆம்பூரிலிருந்து ரயிலேறினான், நான் ஈரோட்டிலிருந்து. வத்தலக்குண்டு பஸ்கள் கிளம்பும் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு டீக்கடையில், போனில் புதிர் அவிழ்க்கும் கண்டக்டர் யாரென்று கேட்டதற்கு, "நம்ம முத்துக்கருப்பன்ல? இன்னைக்கு லீவு. வீட்ல இருப்பாரு" என்று வழி சொன்னார்கள்.

முத்துக்கருப்பனுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். கைலியும் துண்டுமாகக் கதவைத் திறந்தார். நாங்கள் யாரென்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, டிக்கெட் எடுக்காமல் பிடிபட்டது நாங்களா அவரா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"வாங்க, உக்காருங்க. வருவீகன்னு தெரியும். இம்புட்டுச் சீக்கிரமா வருவீகன்னு நெனைக்கல."

"அண்ணா, நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கதவு தொறந்துரும்" என்றேன்.

"தெரியும்மா. அதான் சொல்லல." நிதானமாகச் சொன்னார். "நீங்க கண்டுபிடிக்கிறதுக்கு ஒரு வருசம் முன்னாடியே அந்த நித்திலாப் புள்ள எங்கிட்ட சொல்லிருச்சு. 'நீங்க வர்றேன்னு சொன்னீங்களே, அதான் காத்துக்கிட்டிருக்கேன்'னுச்சு. எனக்குச் சட்டுனு புடிபட்டுப்போச்சு. டீ குடிக்க எறங்குனவன் ஒருத்தன் 'இந்தா வந்துர்றேன்'னு சொல்லிட்டுப் போனா, அவன் வர்ற வரைக்கும் வண்டிய எடுக்க முடியுமா? அப்ப நான் வராம இருந்தா வண்டி நிக்கும்ல?"

"இன்னாத்துக்கு சார் நிக்கணும்?" என்றான் நசீர்.

அவர் உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. ஒரு சொல்லின் முதல் எழுத்து, பிறகு நீண்ட அமைதி, பிறகு அதே எழுத்து. அதற்குப் பதிலாக நித்திலாவின் குரல்: "அவசரமில்ல அக்கா. மெதுவாச் சொல்லுங்க. நான் இருக்கேன்."

"எம் பொண்டாட்டி சௌந்தரம்" என்றார் முத்துக்கருப்பன். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பக்கவாதம் வந்துச்சு. கை கால் தேறிருச்சு, பேச்சுத்தான் மாட்டிக்கிருச்சு. மனசுல எல்லாம் இருக்கு, வார்த்தை வாசப்படி வரைக்கும் வந்து நின்னுக்கிருது. பேச விட்டாத்தான் வரும்னு டாக்டர் சொல்றாரு. ஆனா யாரு விடுறா? 'த'ன்னு ஆரம்பிச்சா 'தண்ணியா'ம்போம், 'தலையணையா'ம்போம். அவளும் விட்டுருவா. நானும் அப்படித்தேன். அந்தப் புள்ள மட்டும்தான் ஒரு வார்த்தைக்கு அஞ்சு நிமிசம்னாலும் காத்திருக்கும். தெனமும் தன் போன்ல அதுகூடப் பேசிப் பேசி இப்பப் பாதி தேறிட்டா. முடிஞ்சா ஒண்ணுஞ் சொல்லாம வச்சுருவா, அதனால அவ பேர்ல வாக்கு எதுவும் இல்ல. நீங்க கதவத் தொறந்தா அந்தப் புள்ள போயிரும். அப்பறம் இவளுக்கு யாரு இருக்கா?"

எனக்குக் கதவும் வேண்டாம், கலங்கரை விளக்கமும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. இரண்டு வருஷத்து ஆசை ஒரே நொடியில் வெட்கமாக மாறியது.

"நீங்க சொல்ல வேண்டாமுங்கண்ணா" என்றேன். "நாங்க கண்டே பிடிக்கலைன்னு சொல்லிக்கறோம். வண்டி நிக்கட்டும்."

அதற்குள் சௌந்தரம் எழுந்து வந்து உள்ளறை வாசலில் நின்றிருந்தார். நல்ல உயரம், நெற்றியில் பெரிய பொட்டு. நாங்கள் பேசியதெல்லாம் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"வி..." என்றார். "வி..."

எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு வருஷப் பழக்கம். சும்மா இருக்குமா வாய்?

"விளக்கு!" என்றான் நசீர்.

"விசில்! விருந்தாளி! விபூதி!" என்று நான்.

முத்துக்கருப்பனும் சேர்ந்துகொண்டு, "விக்கலா? தண்ணி வேணுமா?" என்றார்.

சௌந்தரம் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாக நின்றார். நாங்கள் களைத்து ஓய்ந்த பிறகு முடித்தார்.

"வி...டு...ங்க."

நேராக வந்து, ஆணியில் தொங்கிய புருஷனின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவருக்கு இந்த விளையாட்டு அத்துப்படி என்று விரல் போன வேகத்தில் தெரிந்தது. போலாம்ரைட் கணக்கைத் திறந்து வாயருகே வைத்துக்கொண்டார்.

"வாங்க அண்ணே, எவ்ளோ நாளாச்சு!" என்றாள் நித்திலா.

"நான்..." என்றார் சௌந்தரம்.

"அக்கா? நீங்களா? அண்ணனுக்காகப் பேசறீங்களா?"

"ம்."

"ஏ, சௌந்தரம், என்னா செய்யுற!" முத்துக்கருப்பன் பதறி எழுந்தார். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரிடம் சொல்ல வேண்டியதைச் சௌந்தரம் முதலில் சொன்னார்.

"எ...ன்னைக்... கே...ட்டியா? எ...னக்கும்... முடிவு... தெ...ரியணும்."

பாவம், மனைவிக்காக இவ்வளவு பெரிய தியாகம் செய்தவர் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கதவைத் தினமும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் சௌந்தரம். அரிப்பு எங்களைவிட அவருக்குத்தான் அதிகமாக இருந்திருக்கும்.

பிறகு போனை நோக்கி, தமிழ்நாடே சொல்லக் கூசிய அந்த வார்த்தையை, இடது கை வலது கை பார்க்காமல், நடுவீட்டில் நின்று, தடங்கலே இல்லாமல் ஒரே மூச்சில் சொன்னார்.

"போறேன்."

முத்துக்கருப்பன் காதைப் பொத்திக்கொண்டார். திரையில் ஒன்று சைபராகியது. உச்சி அறையின் கதவு திறந்தது. நாங்கள் நான்கு பேரும் தலைகளை முட்டிக்கொண்டு குனிந்தோம். கதவுக்கு வெளியே ஒரு படிக்கட்டு, படிக்கட்டின் கீழே கரை, கரையில் ஒரு படகு. பூட்டியவன் எவனும் இல்லை. தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. எல்லாரும் வந்து சேரட்டும் என்று அவளே போட்டுக்கொண்ட தாழ்ப்பாள்.

நித்திலா படகில் ஏறினாள். துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். இரண்டு வருஷமாகப் பல ஆயிரம் தமிழர்களிடம் அவள் கற்றுக்கொண்டது அதுதானே, அதைத்தான் சொன்னாள்.

"போயிட்டு வர்றேன், அக்கா."

படகு மறைந்தது. விளக்கு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் திரையின் மூலையைப் பார்த்தேன். சைபர் மறுபடி ஒன்றாகியிருந்தது. என் போன் அலறியது. டேனியல்தான்.

"மேடம், மேடம்! இதென்ன மேடம் அநியாயம்? அதுவே வாக்குக் கொடுத்துருச்சு! இனி அது திரும்பி வர்ற வரைக்கும் நாங்க விளக்கை அணைக்க முடியாதே! எப்ப வருவேன்னு ஏதாவது சொல்லிச்சா?"

"அதெல்லாம் எந்தத் தமிழச்சி தம்பி சொல்லிட்டுப் போயிருக்கா?" என்றேன். முத்துக்கருப்பன் சிரித்த சிரிப்பில் அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

சிரித்து முடித்துத் திரும்பினால், சௌந்தரம் வெறும் விளக்கு சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு தெரிந்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. ஆனால் நாளைக் காலையில் யாரிடம் பேசுவது? நான் என் நம்பரை அவர் போனில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாளே கூப்பிட்டார். "க..." என்றார். "கத்திரிக்காயாக்கா?" என்றேன். கட் பண்ணிவிட்டார். அதற்கு அடுத்த நாள் "பெ..." என்றார். பெட்டி, பெருங்காயம், பெரியம்மா என்று நான் அடுக்க, மறுபடி கட். நசீரிடம் பேசிப் பார்த்தாராம், அங்கேயும் அதே கதை. பல ஆயிரம் பேர் சேர்ந்து எதையும் அவிழ்த்துவிடுகிற எங்கள் குழுவில், ஒருத்தர் சொல்லி முடிக்கும்வரை சும்மா இருக்கத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. இயந்திரத்துக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லையே என்று நிஜமாகவே அழுகை வந்தது.

மூன்றாம் தடவை அவர் கூப்பிட்டபோது உள்ளங்கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

"நீ..." என்றார் சௌந்தரம்.

காத்திருந்தேன். கம்பெனியிலிருந்து இன்னொரு அழைப்பு வந்து விழுந்தது. யாருக்கோ மிக்ஸி சத்தம் போடுகிறது. போடட்டும்.

"நீ... சா..."

இதைவிடச் சுலபமான புதிர் தமிழில் உண்டா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்லுவேன். பற்களால் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சா...ப்... சாப்...பிட்...டியா?"

இந்தக் கேள்விக்கு வழக்கமாக ஒரு பதில் வைத்திருப்போம். உண்டோமோ இல்லையோ, ஆச்சு என்போம். அவர் அவ்வளவு பாடுபட்டுக் கேட்ட பிறகு எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"இல்லீங்க்கா. மணி மூணாச்சு, இன்னும் சாப்பிடல."

அந்தப் பக்கம் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. நான் எதையும் ஊகிக்கவில்லை.

"போய்... சாப்...பிட்டு... வா. நான்... இரு...க்கேன்."

போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய், ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தேன். லைனிலேயே இருந்தார்.